சிட்டிசன் ஸ்லீப்பர்: விளையாட்டா, வெறும் வாசிப்பா?

வைட்ஃபீல்டு வாசகரின் கேள்வி, 2024 அக்டோபர் 11

"சிட்டிசன் ஸ்லீப்பர் என்ற கணினி விளையாட்டை இரண்டே இரவுகளில் முடித்துவிட்டேன். சுடுவது இல்லை, ஓடுவது இல்லை, பேச ஒரு குரல்கூட இல்லை. பொழுது விடிந்ததும் ஐந்து பகடைகள் விழுகின்றன. நல்ல எண் வந்தால் பிழைக்கிறோம், வராவிட்டால் திண்டாடுகிறோம். மிச்சமெல்லாம் வாசிப்பு. முழுக்க அதிர்ஷ்டம். இதைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று ஏன் கொண்டாடுகிறார்கள்? மறுப்பவர்கள் மறுக்கலாம்."

அக்டோபர் 12, இரவு 11.40

மறுக்கிறேன்.

பகடை எப்போது விழுகிறது என்பதைப் பார்த்தீர்களா? வேலையைத் தேர்ந்த பிறகு அல்ல, முன்பே. கண் விழித்ததும் இன்றைக்கு உன் உடம்பில் இவ்வளவுதான் இருக்கிறது என்று ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, ஒன்று எனக் கையில் வைத்துவிடுகிறார்கள். எந்தப் பகடையை எந்த வேலைக்குக் கொடுப்பது என்பது நம் பாடு. இது பரமபதம் அல்ல, தாயம். பரமபதத்தில் உருட்டினால் காய் தானாகப் போகும், பாம்பும் ஏணியும் தீர்மானிக்கும். தாயத்தில் விழுந்த எண்களை எந்தக் காய்க்கு எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. எங்கள் ஆயா கட்டைகளை உருட்டிவிட்டு ஐந்து நிமிடம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிடத்தை யாராவது அதிர்ஷ்டம் என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

விளையாடாதவர்களுக்குக் கதை. கடனில் மூழ்கிய ஒரு மனிதர் தன் மனத்தின் நகலை எஸ்ஸன்-ஆர்ப் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிடுகிறார். அந்த நகலை ஓர் இயந்திர உடலில் ஏற்றி வேலை வாங்குகிறார்கள். நாம் அந்த நகல். உடல் நிறுவனத்தின் சொத்து. அங்கிருந்து தப்பி, சரக்குக் கண்டெய்னருக்குள் கிடந்து, எர்லின்ஸ் ஐ என்ற பழைய விண்வெளி நிலையத்தில் வந்து விழுகிறோம். டிராகோஸ் என்ற காயலான்கடைக்காரர் நம்மைக் கண்டெடுத்து, உடைக்கும் வேலை தந்து, படுக்க இடமும் கொடுக்கிறார். அந்த உடல் நாளுக்கு நாள் தானாகவே நலிகிறது. தடுக்க ஸ்டெபிலைசர் என்ற மருந்து வேண்டும். ஓடிப்போனவன் நெடுநாள் பிழைக்கக் கூடாது என்று செய்தவர்களே திட்டமிட்டு வைத்த குறை அது. உடல்நிலை குறையக் குறைய, காலையில் விழும் பகடைகளின் எண்ணிக்கையும் ஐந்திலிருந்து இறங்கிக்கொண்டே போகும்.

2022 மே மாதம் வெளிவந்தது. எழுத்தும் வடிவமைப்பும் ஒரே ஆள், கேரத் டேமியன் மார்ட்டின். படங்கள் பிரெஞ்சுச் சித்திரக்கதைக் கலைஞர் கியோம் சாங்ஜலாங்குடையவை. என்னுடைய பழைய மடிக்கணினியிலேயே ஓடுகிறது. கொஞ்சம் சூடாகிறது, அவ்வளவுதான்.

வாசிப்பு என்று சொல்கிறீர்கள், சரி. வாசித்துக்கொண்டே மருந்துக்குக் காசு போதுமா என்று கணக்குப் போடவைக்கும் வாசிப்பு வேறு எங்கே கிடைக்கிறது?

அக்டோபர் 13, அதிகாலை

முந்தைய குறிப்பை எழுதிவிட்டு மறுபடி ஆடியபோது ஒன்றைச் சரியாகக் கவனித்தேன். ஐந்து விழுந்தால் காரியம் நிச்சயம் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஆறுக்கு மட்டும்தான் முழு உறுதி. ஐந்துக்குப் பாதிக்குப் பாதி. மூன்று, நான்குக்கு நல்லது நடக்க நாலில் ஒரு பங்கு, கெட்டது நடக்கவும் நாலில் ஒரு பங்கு. ஒன்று, இரண்டுக்கு நல்லதே கிடையாது, பாதிக்குப் பாதி அடிபடும். நமக்குத் திறமை உள்ள வேலையில் பகடைக்கு ஒன்று கூடும். அதனால் இயந்திர வேலை தெரிந்தவருக்கு அந்த வேலையில் ஐந்து என்பது ஆறு. தெரியாத வேலையில் கைவைத்தால் அதே ஐந்து நான்காகிவிடலாம்.

தொழில் தெரிந்தவன் கையில் மட்டமான நாளும் கொஞ்சம் தேறிவிடுகிறது. யாரோ வேலை பார்த்து வயிறு கழுவியவர்தான் இந்த விதியை எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 19, சனி

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹலசூருவில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். நான் ஒரு கணினி உதவி மையத்தில் இரவு வேலை, ஒப்பந்த ஊழியர். அவன் பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். போன வாரம் ஆயுத பூஜைக்குக் கழுவிப் பூமாலை போட்டிருந்தான், வண்டி இன்னும் பளபளவென்று இருக்கிறது. நேற்று மழையில் வேலை முடங்கி வீட்டில் இருந்தவன் என் தோளுக்குப் பின்னால் நின்று அரைமணி நேரம் பார்த்தான். ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடினேன். ஓர் ஆறு விழுந்திருந்தது. உடனே காயலான்கடை வேலையில் வைக்கப் போனேன்.

"அதை இப்போதே செலவழிக்காதே அக்கா," என்றான்.

ஏன் என்று கேட்டேன். காலையில் உடம்பு தெம்பாக இருக்கும்போது அருகிலுள்ள சில்லறை ஆர்டர்களை எல்லாம் எடுத்துவிட்டால், மதியம் நல்ல தொகை வரும்போது கால் வலிக்கும், போனில் சார்ஜ் இறங்கியிருக்கும் என்றான். முதலில் மட்டமான பகடையை ஆபத்தில்லாத வேலையில் போடு, சாப்பாட்டுக்குத் தேறட்டும், ஆறை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார், எங்கே அவசரம் என்று தெரிந்த பிறகு இறக்கு என்றான். அவன் இந்த விளையாட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

நான் பதினைந்து சுழற்சிகளாக (விளையாட்டில் ஒரு நாள்தான் ஒரு சுழற்சி) ஆடிக் கற்றுக்கொள்ளாததை அரைமணி நேரத்தில் சொல்லிவிட்டான். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு படுத்தபோது தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அவன் கண்ணைத் திறந்தவுடன் செய்வது இந்தக் கணக்கைத்தானா? முட்டி வலி எவ்வளவு, வண்டியில் பெட்ரோல் எவ்வளவு, வானம் எப்படி, இன்றைக்கு என் கையில் என்ன எண்கள்? இத்தனை ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் கேட்டதில்லை.

வைட்ஃபீல்டு நண்பரே, அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அக்டோபர் 20

ஒன்று விழுந்தால் நாள் வீண் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நம்பினேன். நிலையத்தின் தகவல் வலைக்குள் நுழைந்ததும் அது மாறிவிடுகிறது. அங்கே பூட்டுகள் குறிப்பிட்ட எண்ணைத்தான் கேட்கும். ஒன்று கேட்கும் பூட்டை ஆறால் திறக்க முடியாது. வெளியே எதற்கும் உதவாத ஒன்றும் இரண்டும் உள்ளே திறவுகோல்களாகிவிடுகின்றன.

தாயம் ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒன்று விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காதே! அந்த ஒன்றுக்குத்தானே தாயம் என்று பெயர்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்குக் கோலார் தங்கவயல் போய்விட்டு இன்று மாரிக்குப்பம் ரயிலில் திரும்பினேன். இந்தக் குறிப்பு நீளும்.

எங்கள் அப்பா சுரங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். தாத்தாவும் அங்கேதான். வட ஆர்க்காட்டிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய சுரங்கம் அது. சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அன்றைக்கு அப்பாவுக்கு வயது நாற்பத்து நான்கு. ஊர் மூடவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான லைன் வீடுகளில் சனங்கள் அப்படியே இருந்தார்கள், இருக்கிறார்கள். வேலை மட்டும் பெங்களூருக்குப் போய்விட்டது. விடியுமுன் ரயிலேறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வந்து, இரவில் திரும்புகிறவர்கள் இன்றும் ஆயிரக்கணக்கில். நானும் நான்கு ஆண்டுகள் அப்படி வந்துபோனேன்.

எர்லின்ஸ் ஐ நிலையத்தின் கதையும் இதுதான். சோல்ஹைம் என்ற நிறுவனம் கட்டியது, பிறகு நிறுவனம் வீழ்ந்துவிட்டது. வளைய வடிவ நிலையம் சுழல்வதை நிறுத்தவில்லை. உள்ளே இருந்தவர்கள் போக இடமில்லாமல் இருந்துவிட்டார்கள். இதை வாசித்தபோது எனக்குக் கண்முன் வந்தது விண்வெளி அல்ல. மழைக்காலத்தில் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் மேல் பசுமை படர முயன்று தோற்பதும், சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தின் பக்கம் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரமும்தான்.

தீபாவளி அன்று மதியம் அப்பாவிடம் மடிக்கணினியைக் காட்டினேன். வளையத்தின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். கதையைச் சொன்னேன். நடுவே குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கம்பெனி போன பிறகு தண்ணீர் யார் விடுகிறார்கள் அம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது சுழற்சி ஆடியிருக்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சுரங்கம் நின்ற பிறகு அப்பாவின் முதல் ஐந்து ஆண்டுகள் எதில் போயின என்று நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் லைன், மின்சார இணைப்பு, வீடு யாருடையது என்ற கேள்வி, வரவேண்டிய பணத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது. மனுக்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். எட்டாம் வகுப்புக் கையெழுத்து.

மருந்து விஷயமும் உண்டு. விளையாட்டில் சபீன் என்ற மருத்துவர் ஸ்டெபிலைசர் தருகிறார், விலை போட்டு. அப்பாவின் நெஞ்சில் பாறைத் தூசி தங்கியிருக்கிறது. இன்ஹேலர் இல்லாமல் படியேற முடியாது. வேலை கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், வேலை கொடுத்த நோய் போகவில்லை. எஸ்ஸன்-ஆர்ப் செய்ததைக் கற்பனை என்று என்னால் ஒதுக்க முடியாததற்குக் காரணம் இது.

நவம்பர் 5

அப்பாவின் கேள்விக்குப் பதில் தேடி இரண்டு இரவுகள் ஆடினேன். நிலையத்தை நடத்துவது ஹேவனேஜ் என்ற அமைப்பு, தொழிலாளர் சங்கமாகத் தொடங்கியது. இன்னொரு பக்கம் யாட்டகன் என்ற கும்பல், தனக்கென்று ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறது. காடுபோல் வளர்ந்துவிட்ட கிரீன்வே பகுதியில் ஹைஃபா என்ற கூட்டுவாழ்வுக் குழு காளான் வளர்க்கிறது. தொலைபேசியில் சொன்னேன். "சங்கம் ஊரை நடத்துகிறதா? நல்லது. கும்பல் இல்லாத இடம் எது?" என்றார். அவ்வளவுதான் பேசினார். பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 10

இன்று எனக்குக் கோபம்.

அறுபது சுழற்சி தாண்டிவிட்டேன். கையில் பணம் குவிந்து கிடக்கிறது. மருந்து வேண்டியபோது கிடைக்கிறது. ஐந்து பகடையும் தினமும் விழுகின்றன, பாதியைச் செலவழிக்க வேலையே இல்லை. தொடக்கத்தில் ஒரு கிண்ணம் சாப்பாட்டுக்கா மருந்துக்கா என்று தவித்தேனே, அந்தத் தவிப்பு எங்கே போயிற்று? ஏழ்மையை இவ்வளவு நேர்மையாகக் காட்டத் தொடங்கிய கதை நடுவழியில் அதை மறந்துவிட்டது. எழுதியவர் நம்மைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டார் போலிருக்கிறது. எங்களுக்கு யாரும் இரக்கப்படவில்லை. அப்பாவின் இன்ஹேலர் விலை அறுபதாவது மாதத்திலும் இறங்கவில்லை, இருநூறாவது மாதத்திலும் இறங்கவில்லை.

வைட்ஃபீல்டு நண்பருக்கு: நீங்கள் சொன்ன குறை இது அல்ல. ஆனால் குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

நவம்பர் 14

சிவாஜிநகர் நண்பர் ஒருவர் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். பணத்தால் எளிதாகவில்லை, ஆட்களால் எளிதாயிற்று என்கிறார். எம்ஃபிஸின் உணவுக்கடை, தகவல் வலையில் உதவும் ஃபெங், டிராகோஸ், பயிர்களைப் பார்த்துக்கொள்ளும் ரிக்கோ, இவர்களையெல்லாம் தெரியாத நாளில் நீங்கள் அகதி, தெரிந்த நாளில் ஊர்க்காரர், ஊர்க்காரருக்குக் கடன் கிடைக்கும் என்கிறார்.

இதை நான்கு நாட்களாக மனத்தில் போட்டு உருட்டுகிறேன். பெங்களூரில் முதல் மாதம் எனக்கு அறை கொடுத்தது எங்கள் லைன்காரப் பெரியம்மாவின் மகள். முன்பணம் கேட்கவில்லை. தம்பிக்கு வண்டி வாங்க ஜாமீன் போட்டது ரயில் சிநேகிதம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 10-ஆம் தேதிக் குறிப்பில் எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

மீதிப் பாதியைத் திரும்பப் பெற மாட்டேன். ஊர்க்காரராகிவிட்டால் பசி தீரலாம். நிறுவனம் உடலுக்குள் வைத்த குறை எப்படித் தீரும்? அந்த மருந்துக் கணக்கு மட்டுமாவது கடைசிவரை இறுகியிருக்க வேண்டும்.

நவம்பர் 16

விளையாட்டில் ஒரு பூனை வருகிறது. தெருப்பூனை. சாப்பாடு வைத்தால் மெல்லப் பழகுகிறது. எந்தக் கதைக்கும் அது தேவையில்லை. தம்பி வீட்டுக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பூனைக்கு வைத்தாயா?"

டிசம்பர் 1

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தம்பிக்குச் சொல்லிக்கொண்டே ஆடியதால் சில சொற்கள் அமைந்துவிட்டன. சைக்கிள் என்பதைச் சுழற்சி என்றேன், அவன் பொழுது என்றான். பொழுதுதான் சரி. பொழுது விடிந்தது, பொழுது போயிற்று, எல்லாம் வாயில் தானாக வருகிறது. ஸ்லீப்பர் என்பதற்கு உறங்குகிறவர் என்று சொன்னால் பொருள் புரண்டுவிடுகிறது. உண்மையில் உறங்குவது மனத்தை விற்ற அந்த முதல் மனிதர். விழித்திருந்து உழைப்பது நாம். நாங்கள் நகலாள் என்று வைத்துக்கொண்டோம். நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.

இந்த விளையாட்டில் வேலைகளுக்குப் பணி, கட்டளை என்றெல்லாம் பெயர் இல்லை. டிரைவ் என்கிறார்கள். உள்ளிருந்து தள்ளுவது. உந்துதல் என்றேன், தம்பிக்குப் பிடிக்கவில்லை, "மனசு" என்றான். "மருந்து தேட மனசு", "மினாவுக்கு உதவ மனசு" (மினா கதையில் வரும் ஒரு சிறுமி). சொல்லிப் பாருங்கள், பொருந்துகிறது.

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி விளையாட்டு வரிசையோடு ஒப்பிட்டு ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த வரிசை அது. 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் நாம் ஆடும் ஷெப்பர்ட் இறந்துபோய், செர்பெரஸ் என்ற அமைப்பு இரண்டு ஆண்டுகள் உழைத்து அந்த உடலை மறுபடி கட்டி எழுப்பும். நினைத்துப் பாருங்கள், அதுவும் வேறொருவர் பணத்தில் செய்த உடல்தான். ஆனால் அங்கே நாம் தளபதி, கையில் கப்பல் இருக்கிறது, பிரபஞ்சம் நமக்காகக் காத்திருக்கிறது. இந்த உடலுக்கு யார் சொந்தம் என்ற கேள்வி நம்மை ஒரு வேளை பட்டினி போடாது. சிட்டிசன் ஸ்லீப்பரில் பிரபஞ்சம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நாளைக்குச் சாப்பாடு இருக்கிறதா என்பதே கதை. இரண்டும் வேண்டும் எனக்கு. பதினெட்டு வயதில் அது வேண்டியிருந்தது, இப்போது இது.

டிசம்பர் 4

ஈதன் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மைப் பிடிக்க வந்த கூலிவேட்டைக்காரர். பிடித்துக்கொண்டு போகாமல் மதுக்கடையில் உட்கார்ந்து குடித்து, அந்தக் கணக்கை நம் தலையில் கட்டுகிறார். மிரட்டிப் பணம் பிடுங்கும் ஆளை இவ்வளவு களைத்தவராக எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் ஒரு கடன் இருக்கும் என்று தோன்றியது. அதற்காக மன்னிக்கவில்லை.

2025 ஜனவரி 15

பொங்கலுக்கு விடுப்பு இல்லை. இரவு வேலை முடிந்து வந்து, காலை ஏழு மணிக்கு முடித்தேன்.

முடிவைச் சொல்லப் போகிறேன், ஆடாதவர்கள் தாண்டிப் போங்கள்.

லெம் என்று ஒருவர். சைடீரியல் என்ற பெருங்கப்பல் கட்டும் இடத்தில் கூலி வேலை செய்கிறார். மினா என்ற சிறுமியைத் தனியாக வளர்க்கிறார். வேறு கோளுக்குக் குடிபோகும் கப்பல் அது. அதைக் கட்டுகிற கைகளுக்கு அதில் இடம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. லெம் வேலைக்குப் போகும்போது மினாவை நாம் பார்த்துக்கொள்கிறோம், அதற்கு ஒரு பகடை போகும். ஆறு இருந்தால் ஆறையே அவளுக்கு வைத்தேன். தம்பி அதை மட்டும் ஒருநாளும் தடுக்கவில்லை.

கடைசியில் கப்பலில் ஏறும் வாய்ப்பு வருகிறது. ஏறினால் கதை முடிந்தது. ஏறாவிட்டால் அவர்களை வழியனுப்பிவிட்டு நிலையத்திலேயே இருக்கலாம். நான் ஏறினேன். யோசிக்கவே இல்லை. மினாவின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கின. அதன் பிறகுதான் மற்றவர்களெல்லாம் நினைவுக்கு வந்தார்கள். டிராகோஸ் நாளைக் காலையில் காயலான்கடையைத் தனியாகத் திறப்பார். பூனைக்கு யார் வைப்பார்கள்? விரும்பிய இடத்தில் சேமித்து வைத்துக்கொள்ளும் வசதியை இந்த விளையாட்டு தருவதில்லை.

இத்தனைக்கும் இது ஒரு முடிவு மட்டுமே. கிரீன்வேயில் உள்ள கார்டனர் என்ற மாபெரும் மனத்தோடு சேர்ந்து உடலையே விட்டுவிடும் முடிவும் இருக்கிறது. நண்பர்கள் பலர் அதுதான் உயர்ந்தது என்கிறார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. அந்த உடலைக் காப்பாற்ற எவ்வளவு பட்டேன், விட்டுவிடுவதற்கா?

ஊரை விட்டு வந்தவளுக்கு இந்தக் கேள்வி ஏன் இப்படிக் குத்துகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா அம்மாவைப் பெங்களூருக்கு வந்துவிடச் சொல்லி ஆறு ஆண்டுகளாகக் கேட்கிறேன். "லைனை விட்டு எங்கே வருவது?" என்கிறார் அப்பா. எனக்கு எரிச்சலாக வரும். இன்று காலை அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எரிச்சல் வரவில்லை.

ஜனவரி 16

பிற்பாடு இலவசமாக வந்த மூன்று பகுதிகளை ஆடாமலே கப்பலேறிவிட்டீர்களே என்று சிவாஜிநகர் நண்பர் வருந்துகிறார். முதல் பகுதியான ஃப்ளக்ஸில் அகதிக் கப்பல்கள் வெளியே நிற்கின்றன, நிலையம் உள்ளே விட மறுக்கிறது. ஒரு காலத்தில் நம்மைச் சேர்த்துக்கொண்ட அதே நிலையம்! இதை அவர் சொன்னதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். தொடக்கத்தில் நாம் யார் என்று ஒரு வகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும், இந்த முறை உடல் வலிமை மிக்க எக்ஸ்ட்ராக்டர்.

பிப்ரவரி 9

இரண்டாம் பாகம் ஸ்டார்வர்ட் வெக்டர் ஜனவரி 31 அன்று வந்தது. ஒன்பது நாட்களில் எட்டு மணி நேரம்தான் ஆட முடிந்திருக்கிறது. ஆகையால் சுருக்கமாக.

மருந்துப் பிரச்சினை இங்கே இல்லை. இதில் வரும் வேறொரு நகலாளின் உடலை நிறுவனப் பிடியிலிருந்து அறுத்துவிட்டார்கள், விலையாக நினைவுகள் போய்விட்டன. லேன் என்ற கும்பல்காரன் துரத்துகிறான். செராஃபின் என்ற நண்பனோடு ஒரு கப்பலில் ஓடுகிறோம். ஒப்பந்த வேலைகளுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். வேலையில் சறுக்கினால் மன அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் பகடைகளுக்கே காயம் படும். பட்டுப்பட்டு ஒருநாள் பகடை உடைந்துவிடும். உடைந்தது உடைந்ததுதான், பாகம் தேடிச் சரிசெய்யும்வரை அது விழாது.

நவம்பர் 10-இல் நான் கத்திய கத்தலுக்குப் பதில்போல இருக்கிறது. எனக்குப் போதுமானது கிடைத்தது. தம்பி உடைந்த பகடையைப் பார்த்துவிட்டு வலது முட்டியைத் தடவிக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவனை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். பத்து நாள் வண்டி ஓட்டக் கூடாது என்றிருக்கிறார்.

பிப்ரவரி 17

வைட்ஃபீல்டு நண்பர் மறுபடி வந்திருக்கிறார். எக்ஸ்ட்ராக்டராக இரண்டாவது முறை தொடங்கியதாகவும், இந்த முறை வரிகளைத் தாவாமல் வாசிப்பதாகவும் எழுதியிருக்கிறார். "அதிர்ஷ்டம் என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், மெதுவாக இருக்கிறது என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன்," என்கிறார். மாற்றிக்கொள்ள வேண்டாம். மெதுவாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 28

சுரங்கம் மூடி இன்றோடு இருபத்து நான்கு ஆண்டுகள். காலையில் அப்பாவுக்குத் தொலைபேசி செய்தேன். தேதி அவருக்கு நினைவிருந்தது, அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்ஹேலர் தீர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றார். அந்த வாயில்லாத விளையாட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் லெம்மையும் மினாவையும் அனுப்பிவிட்டு நிலையத்திலேயே இருந்துவிட்டேன் என்று சொன்னேன்.

"தனியாகவா?"

"இல்லை அப்பா. டிராகோஸ் இருக்கிறார். கடைக்காரர் எம்ஃபிஸ் இருக்கிறார். பூனை இருக்கிறது."

"தண்ணீர்?"

"வருகிறது அப்பா."

பிறகு அம்மாவின் முழங்கால், பக்கத்து வீட்டுக் கல்யாணம், மாரிக்குப்பம் ரயில் நேரம் என்று பேச்சு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், மருந்து வாங்கிக்கொண்டு. தம்பியின் முட்டி தேவலை, இருந்தும் இன்னும் இரண்டு நாள் வீட்டில்தான். என் மடிக்கணினியில் தனக்கென்று ஓர் ஆட்டம் தொடங்கி வைத்திருக்கிறான். இன்று ஏழாவது பொழுது. விழுந்தவை ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று. இரண்டை ஆபத்தில்லாத வேலையில் வைத்துவிட்டு, ஐந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்க்கிறான்.